வசனத்தின் கடைசிச் சொல்

எங்கள் யூத ஜெப ஆலயம் சிறியது. ஆனாலும் அதைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல எனக்கு ஒன்று உண்டு. அங்கே மனிதர்களை இலக்கம் சொல்லி எண்ணமாட்டோம். பத்துச் சொற்கள் கொண்ட ஒரு வேதவசனத்தை ஆளுக்கொரு சொல்லாகச் சொல்லிக்கொண்டே போவோம். வசனம் நிறைவானால், அதாவது பத்து ஆண்கள் சேர்ந்தால்தான், கூட்டு ஜெபத்தைத் தொடங்கலாம். அன்று பெரியவர் மெனாகேம் எண்ணியபோது ஒன்பதாவது சொல்லோடு வசனம் நின்றுவிட்டது. வழக்கமாகக் கடைசிச் சொல்லுக்கு உரியவரை அன்று காலையில்தான் அடக்கம் செய்திருந்தோம். அவருக்கான ஜெபத்தைச் சொல்ல வந்த மகள் திர்சா தூணருகே நின்றாள். பத்தாவதாக ஓர் ஆண் வருவாரென்று கதவைத் திறந்தே வைத்திருந்தோம். வாடைக்காற்றுதான் வந்தது.

"பொண்ணை எண்ணுற வழக்கம் இங்க கிடையாது," என்றார் ஆசேர். "அதுவும் கடவுள் உண்டான்னே சந்தேகப்படுறவ. அவளை எண்ணினா நான் எழுந்து போயிடுவேன்."

"சந்தேகம் எனக்குத்தானே மாமா? அப்பாவுக்கு இல்லையே," என்றாள் திர்சா. "நீங்க போனா மறுபடியும் ஒருத்தர் குறையும்."

மெனாகேம் வசனத்தை முதலிலிருந்து தொடங்கினார். ஒன்பதாவது சொல் ஆசேருக்கு வந்தது. பிறகு மெனாகேமின் கை தூண் பக்கம் திரும்பி, திர்சாவுக்கு நேரே நின்றது. கடைசிச் சொல்லை வாயில் வைத்துக்கொண்டு அவர் ஆசேரைப் பார்த்தார்.

ஆசேர் எழுந்தார். யாரையும் பார்க்காமல் வாசல்வரை நடந்தார். உள்ளே நின்றபடியே கதவைச் சாத்தினார்.

"பிள்ளைக்குக் குளிருது," என்றார்.