இறக்கை முளைத்தவன்

கழிவுநீர்த் தொட்டிக்குள் மூச்சு முட்டிச் செத்த ஒருவன் இறக்கை முளைத்து வானத்தில் பறக்கிறான். படத்தின் கடைசிக் காட்சி அதுதான். எல்லாம் நிஜம்போல இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லக் குருவம்மாளைப் படப்பிடிப்புக்குக் காரில் அழைத்து வந்திருந்தார்கள். அவள் புருஷன் போன ஆடியில் அப்படியொரு தொட்டியில்தான் செத்துப்போனான்.

சாக்லேட்டையும் ஓட்ஸ் கஞ்சியையும் கலக்கித் தொட்டியை நிரப்பியிருந்தார்கள். அதிலிருந்து நடிகர் கம்பியில் மேலே எழும்பினார். வெள்ளை இறக்கைகள் விரிந்தன. எல்லோரும் கைதட்டினார்கள். ஒரு பெண் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டாள். கீழே இறங்கிய நடிகர் முழங்கையில் வழிந்ததை நக்கிவிட்டு, "சூப்பரா இருக்குக்கா, டேஸ்ட் பண்றீங்களா?" என்று விரலை நீட்டிச் சிரித்தார்.

குருவம்மாள் அந்த விரலைப் பார்த்தாள். புருஷனைக் கயிறு கட்டி வெளியே இழுத்துப் போட்டபோது அவன் வாய்க்குள் விரலை விட்டு வழித்தெடுத்தவள் அவள்தான். அன்றைக்கு அவளுக்கு வாந்தி வரவில்லை. இப்போது அங்கேயே குனிந்து வாந்தி எடுத்தாள்.

இயக்குநர் தண்ணீர் பாட்டிலோடு ஓடிவந்தார். "பழசெல்லாம் ஞாபகம் வந்துருச்சாம்மா? அவ்ளோ நிஜமா இருக்கா?"

நடிகரை ஐந்தாறு பேர் வெந்நீரும் துண்டுமாகத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அவள் அதையே பார்த்தாள்.

"இல்ல சார். எங்க வூட்டுக்காரரத் தொட ஒருத்தரும் கிட்ட வரல."

இயக்குநருக்குக் கண் கலங்கிவிட்டது. உதவியாளரிடம் திரும்பி, "இத அப்படியே எழுதிக்க. ஹீரோயின் பேசட்டும்" என்றார்.

குருவம்மாள் வாய் கொப்பளித்து அந்தத் தொட்டிக்குள் துப்பினாள்.