ஏரி நிலவரம்

காலை ஆறு நாற்பது. ஓரினின் பூட்ஸிலிருந்து வானொலி நிலையத்தின் கம்பளத்தில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஏரி உறைஞ்சு தெற்குக் கரையில ஐஸ் பதினாலு அங்குலம். வண்டியோடவே உள்ள போகலாம்," என்று மைக்கில் சொன்னான். "வடக்குக் குடா மட்டும் ஆகாது. ரெண்டு அங்குலம்கூட இல்ல. யாரும் போகாதீங்க."

அறிவிப்பாளர் மார்லிஸ் மைக்கை அணைத்து, பாட்டை ஓடவிட்டாள். பிறகு வாய்விட்டுச் சிரித்தாள்.

"ஒன்பது வருஷமா இதே பல்லவி. நீ ஆகாதுன்னா அங்க மீன் இருக்கு. வாங்கன்னா ஒண்ணும் கிடையாது. ஊருக்கே தெரியும்பா."

மறுக்க முடியாது. ஐஸில் துளைபோட்டு மீன்பிடிக்க வெளியூர்க்காரர்களை அழைத்துப்போவது அவன் பிழைப்பு. அவர்களுக்காக அந்தக் குடாவை இப்படித்தான் காத்துவந்தான்.

"இன்னைக்கு நிஜம், மார்லிஸ். விடியறப்போ அங்க போனேன். ஐஸ் உடைஞ்சு தொடை வரைக்கும் உள்ள போயிட்டேன்."

அவள் கம்பளத்தைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது.

ஜன்னலுக்கு வெளியே சாலை இரண்டாகப் பிரிந்தது. கூடாரமும் துளைபோடும் கருவியும் ஏற்றிய வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வடக்கே திரும்பின. ஏழு. வெளிமாநில எண் போட்ட ஒரு நீல வேன் மட்டும் தயங்கி நின்று, தெற்கே போனது.

"அதோ, ஒருத்தர் உன்னை நம்பிட்டாங்க," என்றாள்.

"ஷெரிஃபைக் கூப்பிடு."

"ஆள் வர முக்கால் மணி ஆகும். நீயே சொல்லிடு ஓரின். ஒன்பது வருஷமும் பொய்னு சொல்லு. போதும்."

ஒலிபரப்பின் சிவப்பு விளக்கு எரிந்தது. ஓரின் வாயைத் திறந்தான். அப்படிச் சொன்னால் நாளையிலிருந்து எவன் தன்னை நம்பி வருவான்?

"ஒரு திருத்தம்," என்றான். "வடக்குக் குடாவை இப்பத்தான் மறுபடி அளந்தோம். ஐஸ் பாறை மாதிரி இருக்கு. மீன் கொட்டிக் கிடக்கு. எல்லாரும் வாங்க."

மார்லிஸ் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

வடக்கிலிருந்து முதல் வண்டி திரும்பி வந்தது. ஓட்டியவன் நிலையத்தைக் கடக்கும்போது ஹாரன் அடித்து, ஏமாறுவேனா என்பதுபோல் விரலை ஆட்டிவிட்டுப் போனான். அடுத்தது வந்தது. அதற்கடுத்தது.

ஓரின் வருகிற வண்டிகளை மட்டும் எண்ணினான். ஏழாவது வர இருபது நிமிடம் ஆனது. முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டான்.

"உண்மையைச் சொல்லியிருக்கலாம் நீ," என்றாள் மார்லிஸ்.

"தெரியும்."

தொலைபேசி அடித்தது. அவள் ஸ்பீக்கரில் போட்டாள். ஒரு பெண்ணின் குரல். பின்னால் காற்று. அதற்கும் பின்னால், தூரத்தில், குழந்தைகளின் கூச்சல்.

"சார், ரொம்ப நன்றி! நாங்க ஊருக்குப் புதுசு, தெற்கே போய்ட்டிருந்தோம், நீங்க சொன்னதும் வேனைத் திருப்பிட்டோம். பசங்க ரெண்டு பேரும் அதுக்குள்ள நடு ஐஸுக்கே ஓடிட்டாங்க... ஏன் சார், இங்க வேற யாரையுமே காணோம்?"