ஊசியா, குழாயா?

தில்லைநாதனின் ஈரலில் பெரிய சீழ்க்கட்டி. டொக்டர் நிமலினி இரண்டு வழி சொன்னார்.

"ஊசியாலை உறிஞ்சி எடுத்தால் கெதியா வீட்டை போகலாம், ஐயா. ஆனால் திரும்பவும் சீழ் சேரலாம். குழாய் போட்டால் கொஞ்ச நாள் சீழ் வடியிற பையோடை இருக்கோணும், முழுக்க வடிஞ்சிடும். உங்கடை கட்டிக்குக் குழாய்தான் நல்லது."

"ஊசியே போதும். அடுத்த கிழமை மகளுக்குக் கலியாணம்."

யோசித்துச் சொல்லும்படி கூறிவிட்டு டொக்டர் போனார்.

பக்கத்துக் கட்டிலின் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு நலிந்த குரல் வந்தது. "குழாயைப் போடுங்கோ அண்ணை. எனக்கு முதலிலை ஊசிதான் குத்தினவை. சீழ் திரும்பி வந்து, இப்ப குழாயோடை கிடக்கிறன்."

"நீங்கள் சொல்லுவியள். உது கள்ளுக் குடிக்கிறவைக்கு வாற வருத்தமெண்டு ஊருக்கே தெரியும். என்ரை புதுச் சம்பந்தி சாவகச்சேரியிலை மதுவிலக்குச் சங்கத் தலைவர். பையைக் கண்டாரெண்டால் கலியாணத்தை நிப்பாட்டிப்போடுவார். நல்லகாலம், மனிசன் இப்ப கொழும்பிலையாம்."

திரைக்குப் பின்னால் ஆள் மறுபக்கம் திரும்பிப் படுக்கும் சத்தம் கேட்டது.

"என்னண்ணை, நித்திரையோ?"

மருந்து கட்ட வந்த தாதி திரையை இழுத்துத் திறந்தாள். கட்டிலில் கிடந்தவர் போர்வையால் முகத்தை மூடப் பார்த்தார். குழாய் இழுபட்டதும் "ஐயோ" என்று கத்திப் போர்வையை விட்டுவிட்டார்.

தில்லைநாதன் எழுந்து உட்கார்ந்தார். "சம்பந்தி!"

மதுவிலக்குச் சங்கத் தலைவர் கூரையைப் பார்த்தபடி முனகினார். "பித்தப்பையிலை கல்லு..."

"ஓம் ஓம், எனக்கும் அதே கல்லுத்தான்," என்ற தில்லைநாதன் தாதியிடம் திரும்பினார். "டொக்டரைக் கூப்பிடுங்கோ பிள்ளை. எனக்கும் குழாயே போடட்டும்."