ஒற்றை நட்சத்திரம்

"பொய்யை எப்படி வளர்க்கிறான் பாருங்க, அட்டர்னி!" ரொசெண்டா கைப்பேசியை வக்கீலின் மேசைமேல் தள்ளினாள்.

கார்கார் ஊரில் அவள் நடத்தும் பன்றிச் சுட்டிறைச்சிக் கடையைப் பற்றி, இணையத்தில் ஒரே ஆள் எழுதிய மூன்று விமர்சனங்கள். மூன்றுக்கும் ஒற்றை நட்சத்திரம்.

முதல் வாரம்: 'திருவிழாவுக்கு இங்கே வாங்கிய இறைச்சியால் மகனுக்கு வயிற்றுப்போக்கு.' அடுத்த வாரம்: 'ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம்.' மூன்றாவது வாரம்: 'அவனுக்குச் சிறுநீரகம் வேலை செய்யவில்லை.'

"சீரியல் மாதிரி வாரா வாரம் ஒண்ணு! எதிர்க்கடை தியோனிசியோ வேலைதான் இது. என் கல்யாண ஆர்டர் பூரா அவன்கிட்டப் போயிடுச்சு."

வக்கீல் வில்யாமோர் வழிகளைச் சொன்னார். அங்கேயே பதில் எழுதலாம். அந்த இணையதள நிறுவனத்திடம் சொல்லி நீக்க வைக்கலாம். நோட்டீஸ் விடலாம்.

"ஜெயிலுக்கு அனுப்ப வழி இல்லியா?"

"இருக்கு. இணைய அவதூறுன்னு கிரிமினல் புகார் கொடுக்கலாம். ஆனா எழுதினது பொய்யா இருக்கணும்க்கா. திருவிழா அன்னைக்குக் கடையில ஏதாவது கோளாறு ஆச்சா?"

"கூட்டம் நெரிஞ்சுது. நெருப்புல இருந்து இறக்க இறக்க வெட்டிக் கொடுத்தோம், நிக்க நேரமில்ல. வேற ஒண்ணுமில்ல." அவள் புகாரில் கையெழுத்துப் போட்டாள்.

அன்று மாலையே நடுத்தெருவில் நின்று கத்தினாள். "இல்லாத பிள்ளைக்கு நோவு கட்டி விடுறியே, நீ உருப்படுவியா?"

தியோனிசியோ வெட்டுக்கத்தியைக் கீழே வைத்தார். "சத்தியமா நான் இல்ல ரொசெண்டா." வாங்க வந்தவர்கள் சிரித்தார்கள். மறுநாள் அவர் கடை திறக்கவில்லை.

இரண்டு மாதத்தில் போலீஸ் விமர்சனம் எழுதிய ஆளைக் கண்டுபிடித்தது. அர்காவோ ஊரில் துணி தைக்கும் மரிசெல் என்ற பெண்.

"கூலிக்கு ஆள் பிடிச்சிருக்கான் பாருங்க! விடாதீங்க அட்டர்னி, அவளையும் சேர்த்து இழுங்க."

வெள்ளிக்கிழமை காலை, மரிசெல் வீட்டுக்குச் சம்மனோடு போன காவலர் வக்கீலுக்கு போன் செய்தார். ரொசெண்டா எதிரில்தான் உட்கார்ந்திருந்தாள்.

"கையில கொடுத்தாச்சான்னு கேளுங்க" என்று அவசரப்பட்டாள். வக்கீல் ஸ்பீக்கரைப் போட்டார். மறுமுனையில் பலர் சேர்ந்து ஜெபம் சொல்வது கேட்டது.

"எப்படிக் கொடுக்கறது அட்டர்னி? பையனை அடக்கம் பண்ணக் கிளம்பிட்டாங்க."