எல்லாமே பச்சை

“ஒரு மாசமா ஒரு சிவப்பு கூட விழலையே, நம்ம டீம்ல நடக்கிற காரியமா மச்சான் இது?”

டீக் கோப்பையும் கையுமாகச் சுவர் டிவியை முறைத்தார் தனசேகர். நாவலூரில் இருந்த அந்த ஆபீஸில், தண்ணீர் லாரி புக் செய்யும் ஆப் ஒன்றை அவர் இருக்கும் டீம் எழுதுகிறது. எழுதியதை இரவில் கம்ப்யூட்டரே சோதித்துவிடும். காலையில் அந்த டிவியில் ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு கட்டம்: பாஸானால் பச்சை, ஃபெயிலானால் சிவப்பு. அந்த போர்டைச் செய்தவள் ஜோவிதா. வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம்தான் ஆகிறது.

“ஒழுங்கா ஓடுதுன்னா சந்தோஷப்படேன்டா,” என்றான் பக்கத்து சீட் பிரேம்.

“சந்தோஷமா? அடுத்த டீம் லீடு அவதான்னு பூவராகன் சார் சொல்லிட்டிருக்காராம். எட்டு வருஷமா நான் இங்க என்ன, புளி கரைச்சிட்டிருந்தேனா? அந்தப் பொண்ணு சிவப்பை எங்கயோ ஒளிக்குது.”

பக்கத்து ஃபிளாட்டுக்கு வந்த கூரியரில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் தூங்காத மனுஷர் தனசேகர். போர்டுக்கு பிளான் போட்ட அன்றே அவருக்கு உறுத்தல்தான். மூன்றாவதாகச் சாம்பல் கலரும் வைக்கலாமா என்று ஜோவிதா கேட்டபோது, “இது என்ன ரங்கோலியாம்மா? ரெண்டு கலர் போதும். சிவப்பு இல்லாததெல்லாம் பச்சைதான்” என்று அடக்கிவிட்டார்.

டிவியை முறைத்த அன்று மாலையே பொறி வைத்தார். எந்த பாஸ்வேர்டு போட்டாலும் திறக்கும்படி லாகினில் ஒரு ஓட்டை. கஸ்டமருக்குப் போகாத பிரதியில்தான். அவ்வளவு கெட்டவரும் இல்லை.

மறுநாள் காலை, சிவப்பு விழுந்திருக்க வேண்டிய லாகின் கட்டம் பச்சைப் பசேலென்று இருந்தது. தனசேகருக்கு அன்றே தீபாவளி. மேனேஜர் பூவராகனைக் கையோடு இழுத்து வந்தார்.

“பாருங்க சார்.” பாஸ்வேர்டு கேட்ட இடத்தில் ‘கத்தரிக்காய்’ என்று தட்டினார். ஆப் வாங்க வாங்க என்று திறந்துகொண்டது. “போர்டு பச்சைங்குது! ஒரு மாசமா நம்ம கண்ணுல மண்ணைத் தூவியிருக்கா.”

பூவராகனின் முகம் சுருங்கியது. “என்னம்மா ஜோவிதா, லாகின் சோதனை ஓடுச்சா இல்லையா?”

“ஓடல சார்.”

“ஒத்துக்கிட்டா பாருங்க!”

“அதை ஒருத்தர் நிறுத்தி வெச்சிருக்காங்க சார். நிறுத்தினதைக் காட்டத்தான் அன்னைக்கு சாம்பல் கலர் கேட்டேன்.”

“நிறுத்தினது யாரு? அவங்களைச் சும்மா விடாதீங்க சார்!” என்று குதித்தார் தனசேகர்.

ஜோவிதா லாகின் கட்டத்தை அழுத்தினாள்.

சுவர் டிவியில், ஆபீஸே படிக்கும்படி விரிந்தது: ‘நிறுத்தியவர்: தனசேகர். காரணம்: ஊருக்கு பஸ் கிளம்பப் போகுது, பொங்கல் முடிஞ்சு வந்து பார்த்துக்கலாம்.’