எட்டு நடை

டிஷ்ஷின் பச்சை விளக்கு மறுபடியும் அணைந்தது.

தணிகைவேல் கம்பெனியின் பழைய ஆபீஸ் மொட்டை மாடியில் டிஷ்ஷைப் பிடித்தபடி எதிரே பார்த்தான். கீழே ரயில் தண்டவாளம். அதற்கு அந்தப் பக்கம், நானூறு மீட்டர் தள்ளி, அதே கம்பெனியின் டெஸ்பேட்ச் கட்டடம். அதன் மாடியில் இன்னொரு டிஷ். அதன் அருகே போனைக் காதில் வைத்தபடி ஜெனிபர் நின்றிருந்தாள். கம்பெனியின் கம்ப்யூட்டர் வேலைகளையெல்லாம் பார்க்கிற பெண்.

இரண்டு டிஷ்ஷும் ஒன்றையொன்று நேராகப் பார்த்தால்தான் இரண்டு கட்டடத்துக்கும் நடுவே கேபிள் இல்லாமல் நெட் லிங்க் கிடைக்கும். இந்தப் பக்கம் நின்ற தைலமரம் ஒவ்வொரு காற்றுக்கும் குறுக்கே வந்து ஆடியது.

"மரம் மறைக்குது மேடம். கம்பத்த இன்னும் ஆறடி ஏத்தணும். திங்கக்கெழம நீட்டு பைப்போட வரேன்."

"வேணாண்ணா. இன்னிக்கே முடிச்சிட்டுதான் போவணும்."

தணிகைவேலுக்கு எரிச்சல் வந்தது. அம்பத்தூரிலிருந்து வந்து காலையிலிருந்து வெயிலில் நிற்கிறான். தண்டவாளத்துக்கு அடியில் கேபிள் போட அனுமதி கேட்டு இரண்டு வருஷம் சும்மா இருந்தவர்களுக்கு இன்று என்ன அவசரம்?

இங்கிருந்து சீட்டு போனால்தான் அங்கே லாரி கிளம்பும். சீட்டைக் கொண்டுபோவது இந்த ஆபீஸில் எடுபிடி வேலை பார்க்கும் ரோசம்மாள். ஒரு நாளைக்கு எட்டு நடை. பாலம் சுற்றிப் போனால் மூன்று கிலோமீட்டர் என்பதால் தண்டவாளத்தைத் தாண்டியே போவாள்.

"ஆறு வருஷமா நடந்துகினு இருக்கற பேப்பரு இன்னும் ஒரு நாள் நடந்தா இன்னா மேடம்?"

ஜெனிபர் போனை வைத்துவிட்டாள்.

கால் மணி நேரத்தில் வெல்டிங் செக்ஷனிலிருந்து ஒருவர் தோளில் பைப்போடு மாடியேறி வந்தார். மேடம் அனுப்பியதாகச் சொன்னார்.

கம்பத்தை இறக்கி, பைப்பைப் பற்றவைத்து, மறுபடி நிமிர்த்தி, டிஷ்ஷை மாட்டுவதற்குள் மணி மூன்றாகிவிட்டது. ஜெனிபர் திரும்பவும் போனில் வந்தாள்.

"எடது பக்கம்ண்ணா... இன்னும் கொஞ்சம்... போதும், போதும்!"

பச்சை விளக்கு எரிந்தது. கடல் பக்கமிருந்து காற்று ஓங்கி அடித்தது. மரம் தலையை ஆட்டியது. விளக்கு அசையாமல் எரிந்தது. பத்து நிமிஷம் பார்த்தான். அணையவில்லை.

எதிர் மாடியில் ஜெனிபர் நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று போனில் தெரியவில்லை.

பதினைந்து வருஷத் தொழிலில் நன்றி சொன்னவர்கள் உண்டு, சண்டை போட்டவர்கள் உண்டு. ஒரு லிங்க் கிடைத்ததற்காக இப்படி உட்கார்ந்தவரை அவன் பார்த்ததில்லை.

அவனுக்கும் மனசு லேசாகியிருந்தது. கைப்பிடிச் சுவர் ஓரமாக எட்டிப் பார்த்தான். கீழே கேட் அருகே சிமென்ட் பெஞ்சில் ரோசம்மாள், அடுத்த சீட்டோடு உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா! லிங்க் வந்துட்ச்சி! இனிமே நடக்க வாணாம்!"

அவள் திரும்பவில்லை. இன்னும் சத்தமாகக் கத்தினான்.

அப்போது ஒரு எக்ஸ்பிரஸ், நீளமாக ஹாரன் அடித்துக்கொண்டு தடதடவென்று கடந்தது. பெஞ்சுக்கு அடியில் படுத்திருந்த நாய் விழுந்தடித்து ஓடியது. வாட்ச்மேன் காதைப் பொத்திக்கொண்டார். ரோசம்மாள் நிமிரக்கூட இல்லை. முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

போன் இன்னும் அவன் கையில்தான் இருந்தது, லைனும் கட்டாகவில்லை.

"எவ்ளோ கத்னாலும் அதுக்குக் கேக்காதுண்ணா." ஜெனிபரின் குரல் தணிந்திருந்தது. "போன கிறிஸ்மஸ்லேந்தே இப்டிதான். வாயப் பாத்தே பேசி சமாளிச்சிக்கினு இருக்குது. தெரிஞ்சா வேலைய உட்டு நிறுத்திடுவாங்கன்னு யாராண்டயும் சொல்லல. இனிமே ஸ்கேனர்ல உக்காந்து சீட்ட அனுப்பும். மேனேஜராண்ட பேசிட்டேன்."

கொஞ்சம் நிறுத்தினாள்.

"எங்கம்மாண்ணா."

தணிகைவேல் ஸ்பேனரை எடுத்து, ஏற்கெனவே இறுக்கிய நான்கு போல்ட்டுகளையும் இன்னொரு சுற்று இறுக்கினான்.