ஐந்தாவது குவார்ட்டர்பேக்

"ப்ரைசனைப் பார்க்கவா? அந்தப் பயலை நம்பியா இவ்வளவு தூரம் காரை ஓட்டிக்கிட்டு வந்தீங்க? ஐயோ பாவம்!"

காபி ஊற்றிக்கொண்டிருந்த பெண்மணியை ஹோலிஸ் நிமிர்ந்து பார்த்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். சட்டையில் 'வாண்டா' என்று பெயர் குத்தியிருந்தாள்.

ஹோலிஸ் ஒரு பெரிய கல்லூரியின் கால்பந்து அணிக்கு ஆள் பிடிக்கிறவர். டெக்சாஸில் கால்பந்து என்றால் பந்தைக் கையால் எறிந்து, ஆள்மேல் ஆள் விழுந்து அமுக்குகிற ஆட்டம். அதில் பந்தை எறிந்து ஆட்டத்தையே நடத்துகிறவன்தான் குவார்ட்டர்பேக். கல்லூரியில் இந்த வருஷம் ஒரே ஒரு இடம். பட்டியலில் ஐந்து பேர். நாலு பேரைப் பார்த்தாகிவிட்டது.

எந்த ஊருக்குப் போனாலும் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் ஓட்டலுக்குத்தான் போவார். பயிற்சியாளர் பையனை வானளாவப் புகழ்வார், பெற்றவர்கள் அதற்கும் மேலே. காபி ஊற்றுகிறவர்கள்தான் உள்ளதைச் சொல்வார்கள் என்பது அவருடைய இருபது வருஷ நம்பிக்கை.

"ஏம்மா, பையன் நல்லா எறிவான்னு கேள்விப்பட்டேனே?"

"எறிவான், யாரும் கிட்ட வராத வரைக்கும். நாலு தடியனுங்க பாய்ஞ்சு வந்தா பந்தைக் கீழே போட்டுட்டுக் கண்ணை மூடிக்குவான். தொடைநடுங்கி சார் அவன்."

ஹோலிஸ் வாயில் வைத்த இறைச்சியை மெல்லாமல் யோசித்தார். பட்டியலில் முதல் பையனுக்குக் கை இரும்பு, ஆனால் எதிராளி நெருங்கினால் பதறிவிடுவான். இரண்டாமவன் ஓட்டத்தில் சூரன், குறி மட்டும் கிடையாது. மற்ற இருவர் சுமார். ப்ரைசனிடம் அவர் எதிர்பார்த்ததே அந்தப் பதறாத குணத்தைத்தான்.

போனை எடுத்துப் போன வாரத்து ஆட்டத்தை ஓடவிட்டார். இரண்டு பேர் மேலே வந்து மோதுகிற கடைசி நொடி வரைக்கும் பையன் அசையாமல் நிற்கிறான். எறிந்த பிறகுதான் விழுகிறான். பந்து போக வேண்டிய கைக்குப் போய்விட்டது.

"இதுல கண்ணை மூடலையேம்மா. நீங்களே பாருங்க."

வாண்டா திரைப் பக்கமே திரும்பவில்லை. பக்கத்து மேஜையை அழுத்தி அழுத்தித் துடைத்தாள். "ஏதோ ஒரு தடவை. குருட்டு அதிர்ஷ்டம்."

சந்தேகம் அப்போதுதான் தட்டியது. பிடிக்காதவர்கள்கூட ஒரு தரம் எட்டிப் பார்ப்பார்களே!

"படிப்பு எப்படி?"

"மண்டு."

"பழக்கவழக்கம்?"

"மகா சோம்பேறி. காலையில எழுப்புறதுக்குள்ள உயிரு போயிடும்னு சொல்வாங்க. பெரிய காலேஜெல்லாம் அவனுக்குத் தாங்காது சார். உங்க பேருதான் கெடும்."

பள்ளி அனுப்பியிருந்த கோப்பைப் புரட்டினார். பையன் கணக்கில் வகுப்பிலேயே முதல். விடிகாலைப் பயிற்சிக்கு ஒருநாள்கூடத் தவறியதில்லை. இந்த அம்மாள் வாய் கூசாமல் புளுகுகிறாள்!

"நீங்க வேணாம்னுட்டா வேற யாராச்சும் வருவாங்களா?" திடீரென்று அவளே கேட்டாள்.

"இந்த வனாந்தரத்துக்கா? நான் போயிட்டா அவ்வளவுதான். பையன் இங்கேயே ஏதாவது வேலை பார்த்துக்க வேண்டியதுதான்."

"அப்படியா!" என்றாள். முகத்தில் ஒரு வெளிச்சம். கேட்காமலே பெரிய துண்டாகப் பீச் பழக் கேக் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தாள். "இது என் கணக்கு. சாப்பிடுங்க."

அடிப்பாவி, லஞ்சம் வேறா என்று நினைத்துக்கொண்டார் ஹோலிஸ். நேராகவே கேட்டுவிட்டார்:

"உங்க பையனும் டீம்ல இருக்கானோ?"

வாண்டாவின் கை ஒரு கணம் நின்றது. "இருக்கான்."

"என்னவா ஆடறான்?"

"குவார்ட்டர்பேக்தான்" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று சமையலறைக்குள் போய்விட்டாள்.

ஹோலிஸுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஆடுகிற குவார்ட்டர்பேக் ஒருத்தன் என்றால், மாற்று ஆளாகப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறவன் இன்னொருத்தன். பெஞ்சுக்காரனின் அம்மாவுக்கு வயிற்றெரிச்சல் இல்லாமல் இருக்குமா? எத்தனை ஊரில் பார்த்தாயிற்று! இவள் இவ்வளவு தூற்றுகிறாள் என்றால் ப்ரைசன் தங்கம்தான்.

காரில் ஏறியதும் கல்லூரியின் தலைமைப் பயிற்சியாளருக்குப் போன் போட்டார்.

"மத்த நாலு பேரையும் பட்டியல்லேருந்து அடிச்சிடுங்க. ஐந்தாவது பேருதான். கண்ணை மூடிக்கிட்டு எடுக்கலாம்."

"நீ சொன்னா சரி, ஹோலிஸ். இப்பவே பையன்கிட்டப் பேசிடறேன்."

ஹோலிஸ் பள்ளி மைதானத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் செய்தி வந்து சேர்ந்திருந்தது. பையன்கள் ப்ரைசனைத் தோளில் தூக்கிக்கொண்டு கூத்தாடினார்கள். பள்ளிப் பயிற்சியாளர் மெக்கல்லம் ஓடிவந்து கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"நாங்க என்ன சொன்னாலும் நம்ப மாட்டீங்கன்னு நினைச்சேன் சார். எப்படி இவ்வளவு சீக்கிரம் முடிவு பண்ணீங்க?"

"எல்லாம் அந்த ஓட்டல் வாண்டா புண்ணியம்! அவ பொறாமையில கரிச்சுக் கொட்டின வேகத்துலயே பையன் தரம் தெரிஞ்சுபோச்சு. உங்க பெஞ்சு குவார்ட்டர்பேக்கோட அம்மாதானே அவ?"

மெக்கல்லத்தின் சிரிப்பு சட்டென்று நின்றது.

"பெஞ்சுல ஏது சார் ஆளு? எங்களுக்கு இருக்கிறதே ஒரே குவார்ட்டர்பேக்தான். வாண்டாதான் ப்ரைசனைப் பெத்தவ. அவளோட மூத்தவனையும் இப்படித்தான் ஒரு காலேஜ்ல புகழ்ந்து கூட்டிட்டுப் போனாங்க. ரெண்டே வருஷம், தலையில அடி மேல அடி, இப்ப இருபத்துநாலு வயசுப் பிள்ளைக்கு அவதான் ஸ்பூன்ல ஊட்டி விடறா."